ஏதென்ஸ் கயிறு, ஸ்பார்ட்டா கயிறு

எங்கள் கரையில் ஒரே ஒரு கரைவலைதான் இருந்தது. அது எங்கள் வீட்டு வலை. வீட்டுக்காரர் போன பிறகு நான் பார்த்துக்கொண்டேன். அவர் கடலில் போகவில்லை, காய்ச்சலில் போனார். பொம்பளை எப்படி வலை நடத்துவாள் என்று ஊரில் கேட்டார்கள். நடத்தினேன். வலையால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இழுக்கிற ஆட்களால்தான் எல்லாத் தொந்தரவும்.

கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு கயிற்றின் முனையைக் கரையில் பிடித்துக்கொள்வார்கள். மறுமுனையையும் வலையையும் ஏற்றிக்கொண்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிவிட்டு, இரண்டாவது கயிற்றோடு கொஞ்சம் தள்ளிக் கரைக்கு வரும். அதை இன்னொரு கூட்டம் பிடிக்கும். பிறகு இரண்டு கூட்டமும் இழுக்க வேண்டும். நடுவில் மடி இருக்கும். மீன் சேருகிற பை அதுதான். ஒரு பக்கம் வேகமாக இழுத்தால் மடி கோணும். கோணினால் வலையின் அடிக்கயிறு தரையைவிட்டுத் தூக்கும். மீன் அடியில் நுழைந்து போய்விடும். இதில் வித்தை ஒன்றும் கிடையாது. அடுத்தவன் எவ்வளவு இழுக்கிறானோ அவ்வளவு இழுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவு எங்கள் ஊருக்கு வரவில்லை.

ஊரில் இரண்டு தெரு. வடக்குத் தெரு பழைய தெரு. தெற்குத் தெரு, புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் இருந்து வந்தவர்கள் போட்ட தெரு. எல்லாரும் ஒரே சாதி, ஒரே மாதா கோயில், ஒரே பூசை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. நான் பிறந்தது வடக்கில், வாழ்க்கைப்பட்டது தெற்கில். அப்படி இருந்தும் வடக்கே இருப்பவர்கள் தெற்கே இருப்பவர்களை வந்தவர்கள் என்பார்கள். இந்தக் கதை நடந்தபோதே வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இன்னும் வந்தவர்கள்தான்.

வடக்கே கோயில் பக்கத்துக் கயிறு வடக்குத் தெருவுக்கு. தெற்கே முள் உடைமரப் பக்கத்துக் கயிறு தெற்குத் தெருவுக்கு. ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்கக் கூடாது. யார் வைத்த வழக்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கோயில் கயிற்றுக்குத் தலையாள் என் தம்பி. உடைமரக் கயிற்றுக்குத் தலையாள் என் கொழுந்தன். இரண்டு பேரும் வாரத்தில் ஒரு நாளாவது என் வீட்டில் சாப்பிடுவார்கள். ஒன்றாக உட்கார மாட்டார்கள். ஒருவன் எழுந்து கை கழுவின பிறகுதான் மற்றவன் உள்ளே வருவான்.

நான் சொல்லப்போவது பாம்பனுக்கு ரோட்டுப் பாலம் வராத காலத்தில் நடந்தது. ரயிலை விட்டால் படகு.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் உண்டு. புனிதர் கதை, ராசா கதை எல்லாம் போடுவார்கள். நாடகம் சொல்லிக்கொடுத்த அண்ணாவியாருக்கு அந்த வருஷம் பேச்சு நின்றுபோனது. பங்குச் சாமியார் யோசித்தார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு வரலாற்று வாத்தியார் வந்திருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கம், மிளகாய் போடுகிற குடும்பம். கடலை அதற்கு முன் பார்த்ததில்லை. நல்ல மனுஷன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். சாமியார் அவரிடம் ஒரு நாடகம் எழுதித் தரச் சொன்னார். அதுதான் ஆரம்பம்.

வாத்தியார் எழுதியது கிரேக்க நாட்டுக் கதை. ஏதென்ஸ் என்று ஒரு ஊர், ஸ்பார்ட்டா என்று ஒரு ஊர். அந்தக் காலத்தில் அங்கே ஒவ்வொரு ஊரும் ஒரு நாடு மாதிரியாம். ஏதென்ஸில் கப்பல் அதிகம். ஊரில் இருந்து துறைமுகம் வரைக்கும் இரண்டு பக்கமும் மதில் கட்டி வைத்திருந்தார்கள். ஸ்பார்ட்டாவில் மதிலே கிடையாது. ஆள்தான் மதில் என்பார்களாம். ஏழு வயதில் பையனை வீட்டில் இருந்து கூட்டிக்கொண்டு போய் சண்டை பழக்குவார்கள். சாப்பாடு பன்றி ரத்தம் ஊற்றின கறுப்புக் கஞ்சி. இரண்டு ஊரும் பேசுவது ஒரே மொழி, கும்பிடுவது ஒரே சாமி. வெளியே இருந்து பாரசீக ராசா படை எடுத்து வந்தபோது சேர்ந்து நின்று அடித்து விரட்டினார்கள். அவன் போனதும் ஒருவரை ஒருவர் அடிக்க ஆரம்பித்தார்கள்.

எதற்கு அடித்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். ஏதென்ஸ் பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்த்து ஸ்பார்ட்டாவுக்குப் பயம் வந்துவிட்டது என்றார். அது ஒரு காரணமா என்றேன். அதுதான் காரணம் என்றார்.

அவர் மனதில் இருந்தது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் இரண்டு தெருவுக்கும் உறைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மேடையில் பார்த்தால் வெட்கப்பட்டுத் திருந்துவார்கள் என்று நினைத்திருக்கிறார். இவர்கள் திருந்துகிற ஆள் இல்லை சார் என்று சொன்னேன். சிரித்தார். இன்னொரு துண்டு மீன் வைத்தேன். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

யாருக்கு எந்த ஊர் என்று கேள்வி வந்தது. சாமியார் கயிற்றை வைத்துப் பிரித்துவிட்டார். கோயில் கயிறு ஏதென்ஸ், உடைமரக் கயிறு ஸ்பார்ட்டா. சண்டை வரக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்.

ஒத்திகை எங்கள் வாடியில். வாடி என்றால் வலையும் கயிறும் வைக்கிற ஓலைக் கொட்டகை. கடலில் இருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, வெயில் சாய்கிற நேரத்துக்குக் கூடுவார்கள். நான் வெளியே உட்கார்ந்து கருவாடு புரட்டிக்கொண்டிருப்பேன். எல்லாம் காதில் விழும். விழாமல் இருந்தால் தேவலை.

முதல் நாளே தம்பிக்கு வருத்தம். ஏதென்ஸில் ராசா கிடையாதாம். எல்லாரும் கூடிக் கையைத் தூக்கித்தான் எதையும் முடிவு செய்வார்களாம். ராசா இல்லாத ஊரில் நான் யார் என்று கேட்டான். தளபதி என்றார் வாத்தியார். தலையில் கிரீடம் உண்டா என்றான். இல்லை என்றார். ஸ்பார்ட்டாவில் ஒரே நேரத்தில் இரண்டு ராசா. தெற்குத் தெருவில் ராசா வேஷத்துக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சண்டை அதோடு தீர்ந்தது. கொழுந்தன் ஒரு ராசா, அவன் சகலை இன்னொரு ராசா. அந்த ஒரு விஷயம்தான் ஒழுங்காக முடிந்தது.

கொழுந்தனுக்கு வேறு வருத்தம். ஸ்பார்ட்டா ராசா மேடையில் ஒரு இடத்தில் சொல்ல வேண்டும்: எங்களுக்குத் தரைதான் தெரியும், கடல் தெரியாது. கொழுந்தன் அந்த வரியைச் சொல்லவே மாட்டேன் என்றான். தனுஷ்கோடியில் பிறந்தவன். பாய்மரம் பிடித்து இலங்கைத் தலைமன்னார் வரைக்கும் போய் வந்தவன். அவன் பொண்டாட்டி பிள்ளை முன்னால் கடல் தெரியாது என்று சொல்வானா? அது நீங்கள் இல்லை, ஸ்பார்ட்டா ராசா என்றார் வாத்தியார். சொல்கிற வாய் என்னுடைய வாய்தானே என்றான் இவன். வாத்தியார் பேனாவை எடுத்தார். அந்த வரியை அடித்துவிட்டார். கறுப்புக் கஞ்சியையும் அடிக்கச் சொன்னார்கள். வேதக்காரன் பன்றி தின்னலாம், அதற்காக ரத்தத்தைக் கஞ்சியில் ஊற்றுவானா என்றார்கள். அதுவும் போனது.

இது வாடிக்குள் நின்றிருந்தால் பரவாயில்லை. கரைக்கு வந்துவிட்டது.

இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடுவது வழக்கம். ஒருவன் எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் ஏலேலோ போடுவார்கள். இழுவை ஒரு அளவில் வருவதற்கு அதுதான் கணக்கு. ஒரு நாள் காலையில் கோயில் பக்கம் பாட்டு நின்றது. ஏதென்ஸ், ஏதென்ஸ் என்று சத்தம் வந்தது. உடனே உடைமரப் பக்கம் ஸ்பார்ட்டா, ஸ்பார்ட்டா. பாட்டுக்கு ஒரு நடை உண்டு. இதற்கு ஏது நடை? எவன் கயிறு முதலில் கரை ஏறுகிறது என்று போட்டி. எருமை மாதிரி இழுத்தார்கள். மடி அலைந்து அலைந்து வந்தது. திறந்து பார்த்தால் கொஞ்சம் காரல் பொடி, மீதி தின்ன உதவாத சொறி. மீன் எல்லாம் அடியில் போய்விட்டது. அதற்கு வருத்தப்பட்டவன் ஒருவனும் இல்லை. எங்கள் கயிறுதான் முதலில் வந்தது என்றான் தம்பி. இல்லை, நாங்கள்தான் என்றான் கொழுந்தன். வெறும் மடியை வைத்துக்கொண்டு.

நான் சொல்லிப் பார்த்தேன். வடக்கே போய்ச் சொன்னால் தெற்கத்தி வீட்டுப் பேச்சு என்றார்கள். தெற்கே போய்ச் சொன்னால் வடக்கத்தி ரத்தம் என்றார்கள். அடுத்த முறை வலையின் ஒரு பக்க இறக்கை பாரில் மாட்டிக் கிழிந்தது. பார் என்றால் கடலுக்குள் கிடக்கிற கல். அது அங்கே கிடப்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். வலை நேராக வந்தால் மாட்டாது. கிழிசலை நான்தான் உட்கார்ந்து முடிந்தேன். அவர்கள் உள்ளே வாள் சுற்றினார்கள். அட்டை வாள்.

இதற்குள் வாடைக் காலம் முடியப் போகிறது. எங்கள் கரைக்கு வாடைதான் பிழைப்பு. காற்று திரும்பித் தென்மேற்கில் இருந்து கச்சான் விழுந்துவிட்டால் இந்தப் பக்கம் அலை தூக்கும், கரைவலை இறக்க முடியாது. இருக்கிற கொஞ்ச நாளில் சாளை மீன் கூட்டமாக வரும். அந்தச் சாளையில்தான் இரண்டு தெருவும் கச்சான் காலம் முழுக்கச் சாப்பிட வேண்டும். வரவில்லை என்றால் ஆட்கள் மண்டபம் துறைக்குப் போய் விசைப்படகில் வேலைக்குச் சேருவார்கள். போனவன் திரும்பிக் கயிறு பிடிக்க வர மாட்டான். வலை அதோடு சரி. இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏதென்ஸ், ஸ்பார்ட்டா.

கடைசிக் கட்டத்தை வாத்தியார் தாமதமாகத்தான் எழுதிக்கொண்டு வந்தார். ஒரு சாயங்காலம் வாடியில் படித்தார். நானும் வாசலில் நின்று கேட்டேன். ஏதென்ஸ்காரர்கள் கப்பலை எல்லாம் ஒரு கரையில் ஏற்றி வைத்துவிட்டு, சாப்பாடு தேடிப் போயிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஸ்பார்ட்டாக்காரன் வந்து, கரையில் கிடந்த கப்பல்களைப் பிடித்துக்கொண்டான். பாரசீக ராசா கொடுத்த காசில்தான் அவன் கப்பலே கட்டினது. பிறகு கடல் வழியை அடைத்து ஏதென்ஸைப் பட்டினி போட்டான். ஏதென்ஸ் பணிந்தது. மதிலை இடிக்கச் சொன்னான். இடிக்கும்போது பக்கத்தில் குழல் வாசித்தார்களாம்.

தம்பி எழுந்தான்.

"சார், கரையில ஏத்திக் கெடக்குற வள்ளத்த எடுத்துட்டுப் போறவனுக்குப் பேரு செயிச்சவன் இல்ல. களவாணி."

எங்கள் கரையில் ஒரு சட்டம் உண்டு. கடலில் என்ன சண்டை வேண்டுமானாலும் போடலாம். கரையில் ஏற்றின வள்ளத்தை அடுத்தவன் தொடக் கூடாது. எதிரி வள்ளமாக இருந்தாலும் அலை வந்தால் மேலே தள்ளி வைத்துவிட்டுத்தான் போவார்கள். அதனால் தம்பி சொன்னதில் தப்பு இல்லை. சொன்ன ஆள்தான் தப்பு, சொன்ன இடம்தான் தப்பு. புயலுக்குப் பிறகு தெற்குத் தெருக்காரர்கள் வந்தபோது சில வள்ளங்களோடு வந்தார்கள். அதில் ஒன்று எங்கள் சித்தப்பா வள்ளம், புயலில் ஒதுங்கினதை எடுத்துக்கொண்டார்கள் என்று வடக்கே ஒரு பேச்சு உண்டு. யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

கொழுந்தன் தலையில் இருந்த அட்டைக் கிரீடத்தைக் கழற்றவில்லை. அப்படியே கேட்டான்.

"யாரச் சொல்ற?"

"ஸ்பார்ட்டாக்காரனச் சொன்னேன்."

"இங்கன ஸ்பார்ட்டாக்காரன் யாருலே?"

"வேசம் போட்டவன் நீதானே."

கொழுந்தன் கிரீடத்தைக் கழற்றி, மடித்து வைத்த வலை மேல் வைத்தான். வெளியே வந்தான். தெற்குத் தெரு முழுக்க அவன் பின்னால் வந்தது. என்னைத் தாண்டும்போது சொன்னான்.

"மதினி, நாளையிலருந்து ஒங்க கயித்தப் பிடிக்க ஆள் பாத்துக்கங்க."

வாத்தியார் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இவர்களுக்குக் கதை புரியவில்லை என்று என்னிடம் சொன்னார். புரிந்துவிட்டது சார், அதுதான் வம்பு என்றேன்.

மறுநாள் உடைமரக் கயிற்றுக்கு ஆள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வடக்குத் தெருக்காரர்கள் தினமும் விடிந்ததும் வந்து கோயில் பக்கம் உட்காருவார்கள். நாங்கள் வந்துவிட்டோம், தப்பு எங்கள் மேல் இல்லை என்று காட்டுவதற்கு. தெற்குத் தெருக்காரர்களும் வந்து உடைமர நிழலில் உட்காருவார்கள். கயிற்றைத் தொட மாட்டார்கள். ஆனால் இடத்தை விட மாட்டார்கள். நடுவில் வலை காய்ந்துகொண்டு கிடந்தது. நான் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வள்ளத்துக்கு வருகிற ஆட்கள் பாம்பன்காரர்கள். எந்தத் தெருவும் இல்லாதவர்கள். வருவார்கள், வெற்றிலை போடுவார்கள், போவார்கள்.

வாத்தியார் ஒரு முயற்சி செய்தார். கதை அதோடு முடியவில்லை என்று இரண்டு பக்கமும் போய்ச் சொன்னார். ஸ்பார்ட்டா செயித்தும் நிலைக்கவில்லை. அடித்து அடித்து எல்லா ஊரும் ஓய்ந்துபோனது. பிறகு வடக்கே மலைநாட்டில் இருந்து ஒரு ராசா வந்தான். அவன் கையில் எல்லாம் போய்விட்டது. இதையும் நாடகத்தில் சேர்த்துவிடுகிறேன், இரண்டு பக்கத்துக்கும் சமம் என்றார். மனுஷன் உண்மையாகவே நம்பினார். சாயங்காலம் வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வடக்குத் தெரு அந்த மலைநாட்டு ராசா வேஷம் தங்களுக்கு வேண்டும் என்கிறது. தெற்குத் தெருவும் அதையே கேட்கிறது. ஏதென்ஸும் வேண்டாம், ஸ்பார்ட்டாவும் வேண்டாம். அவனுக்குக் குதிரை உண்டா என்று வேறு கேட்டார்களாம்.

நான் தம்பியிடம் போனேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள் என்றேன். நான் என்ன சொன்னேன், சார் எழுதினதைப் பற்றித்தானே சொன்னேன் என்றான். கொழுந்தனிடம் போனேன். வந்து கயிற்றைப் பிடி என்றேன். களவாணி கை பட்டால் உங்கள் வலைக்கு ஆகாது மதினி என்றான். அது உன் அண்ணன் வலை என்றேன். அண்ணன் இருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா என்றான். எழுந்து வந்துவிட்டேன். சாமியாரிடம் போனேன். செபியுங்கள் என்றார். செபித்தேன். அதுவும் பார்த்தாகிவிட்டது.

தெற்குத் தெருவில் இரண்டு மூன்று பேர் மண்டபத்துக்குப் போய் விசைப்படகுக்காரரைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் போவதற்குள் வடக்கேயும் சிலர் போய்ப் பார்த்துவிட்டார்களாம். அதிலும் போட்டி.

ஒரு நாள் விடியும்போது கடலைப் பார்த்தேன். கரைக்குப் பக்கத்திலேயே தண்ணீர் கறுத்துக் கிடந்தது. மேகம் இல்லை. ஆலாப் பறவைகள் விழுந்து விழுந்து எழும்பின. சாளை. இவ்வளவு கிட்டத்தில் அந்த வருஷம் வரவில்லை. தூரத்தில் விசைப்படகு இரண்டு தெரிந்தன. அதுகளும் பறவையைப் பார்த்திருக்கும்.

வடக்குத் தெரு கோயில் பக்கம் உட்கார்ந்திருந்தது. தெற்குத் தெரு உடைமரத்தடியில். எல்லாரும் கறுத்த தண்ணீரைப் பார்த்தார்கள். ஒருவன்கூட எழவில்லை. எவன் முதலில் எழுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சலித்துவிட்டது. கோபம்கூட இல்லை. சலிப்புதான். பாம்பன் ஆட்களிடம் வலையை வள்ளத்தில் ஏற்றச் சொன்னேன். கயிற்றைப் பிடிக்க ஆள் எங்கே என்று கேட்டார்கள். நீங்கள் ஏற்றுங்கள் என்றேன். ஏற்றினார்கள். பிறகு கோயில் பக்கம் போனேன்.

"ஏலே தம்பி, எந்திரி. ஒங்க ஆளுகளக் கூட்டிக்கிட்டு உடமரத்துப் பக்கம் போய் அந்தக் கயித்தப் பிடி."

தம்பிக்குப் புரியவில்லை. அது அவர்கள் இடம் என்றான். வலைக்காரி நான், நான் சொல்கிறேன் என்றேன். அவன் முகத்தைப் பார்த்தேன். முதலில் பயம், பிறகு சந்தோஷம். அவர்கள் இடத்தில் போய் நிற்பது எவ்வளவு பெரிய செயிப்பு. எழுந்தான். எல்லாரும் எழுந்தார்கள். மணலில் வரிசையாக நடந்தார்கள். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. கல்யாண ஊர்வலம் மாதிரி போனார்கள்.

உடைமரத்தடியில் தெற்குத் தெரு எழுந்து நின்றது. கையில் துடுப்பு எடுத்தவனும் உண்டு. நான் குறுக்கே போய் நின்றேன். கொழுந்தனும் ஒரு துடுப்போடு என் முன்னால் வந்தான்.

"எங்க எடத்துல அவனக் கொண்டாந்து நிறுத்துறீகளா மதினி? எங்கண்ணன் சோறு தின்னவுகதானா நீங்க?"

"நீ விட்ட எடம். கயித்துக்கு ஆள் பாத்துக்கச் சொன்ன, பாத்துக்கிட்டேன்."

"அப்ப அவுக எடம்?"

"அங்கன ஒருத்தனும் இல்ல. சும்மா கெடக்கு."

நான் அவ்வளவுதான் சொன்னேன். கொழுந்தன் கோயில் பக்கம் பார்த்தான். காலியாகக் கிடந்தது. வடக்குத் தெருவின் இடம், யாரையும் நிற்க விடாத இடம். துடுப்பைக் கீழே போட்டான். வாங்கலே என்றான். ஓடினார்கள். வள்ளத்துக்காரன் முதல் கயிற்று முனையை அங்கேதான் வைத்துக்கொண்டு நின்றான். பிடுங்கிக்கொண்டார்கள்.

தம்பி அதைப் பார்த்துவிட்டுக் கத்தினான். திரும்பி ஓடினால் இந்த இடம் போய்விடும். ஓடாவிட்டால் அந்த இடம் போனது போனதுதான். நின்றான். வள்ளம் அதற்குள் போய்விட்டது.

நான் வாழ்க்கையில் எத்தனையோ இழுவை பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒழுங்கான இழுவை பார்த்ததில்லை. ஏதென்ஸும் இல்லை, ஸ்பார்ட்டாவும் இல்லை. பாட்டுக்கூட முதலில் இல்லை. அடுத்தவன் இடத்தில் நிற்கிறான். கொஞ்சம் வேகமாக இழுத்து மடி கோணினால், எங்கள் இடத்தில் நின்று வலையைக் கெடுத்தான் என்று ஊர் சாகிற வரைக்கும் சொல்வார்கள். அதனால் ஒவ்வொருவனும் எதிர்க் கயிற்றைப் பார்த்துப் பார்த்து இழுத்தான். அவன் ஒரு எட்டு வைத்தால் இவன் ஒரு எட்டு. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் யாரோ அம்பா எடுத்தார்கள். மறுபக்கம் வாங்கினார்கள். பாட்டு என்பதால் வாங்கவில்லை. அவன் பாடி நாம் பாடாமல் இருந்தால் தோற்ற மாதிரி இருக்குமே என்றுதான். எதுவாக இருந்தால் எனக்கென்ன. மடி நேராக வந்தது.

சாளை மடியைப் பிளந்துகொண்டு கிடந்தது. கரையே வெள்ளையாகிவிட்டது. பெண்கள் பிள்ளைகள் எல்லாரும் பெட்டியோடு ஓடி வந்தார்கள். விசைப்படகுகள் கொஞ்சம் நேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. பங்கு பிரித்தோம். எப்போதும் போல இரண்டு தெருவுக்கும் சரி சமம். மீன் இருக்கிற வரைக்கும் தினமும் அப்படியே மாறி நின்று இழுத்தார்கள். கச்சான் காலத்துச் சாப்பாடு கரைக்கு வந்துவிட்டது. மண்டபத்துக்கு ஒருவனும் போகவில்லை.

மீன் குறைந்த பிறகுதான் யோசிக்க நேரம் கிடைத்தது. பூசை முடிந்து கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். ஊரைக் கேட்காமல் கயிற்றை மாற்றிவிட்டேன், வழக்கத்தைக் கெடுத்துவிட்டேன், அண்ணன் தம்பிக்குள் மூட்டிவிட்டேன். அப்படித்தான் சொன்னார்கள். அண்ணன் தம்பியாம். இரண்டு தெருவும் ஒரே குரலில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். திருவிழாவுக்கு நான் பெரிய மெழுகுதிரி ஒன்று வாங்கி வைக்க வேண்டும், அதுவரைக்கும் இரண்டு தெருவும் என்னோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே போனது. தம்பி கை, கொழுந்தன் கை, எல்லாம். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வாத்தியார் மட்டும் சாப்பிட வந்தார். ஏதென்ஸில் ஒருவரை ஊரைவிட்டு அனுப்ப வேண்டும் என்றால் பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள் என்றார். ஊருக்கு நல்லது செய்தவனையே அப்படி அனுப்பியிருக்கிறார்களாம். எனக்கு ஆறுதலுக்குச் சொன்னார் என்று நினைக்கிறேன். நல்லவேளை, எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது என்றேன்.

நாடகம் போட்டார்கள். முடிவு இல்லாமல். தளபதியும் ராசாக்களும் வாளைத் தூக்கிக்கொண்டு எதிர் எதிரே நின்றார்கள், திரை விழுந்தது. சனம் கை தட்டியது. யார் செயித்தது என்று யாரும் கேட்கவில்லை. அவரவர் தெரு செயித்ததாக அவரவர் எடுத்துக்கொண்டார்கள். வாத்தியார் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, இது வரலாறு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊர்ப் பக்கம் போய்விட்டார். போகும்போது கருவாடு கட்டிக் கொடுத்தேன்.

மெழுகுதிரி வைத்த பிறகு தம்பியும் கொழுந்தனும் சாப்பிட வர ஆரம்பித்தார்கள். பழையபடிதான், ஒருவன் கை கழுவின பிறகு மற்றவன்.

அடுத்த வாடைக்கு வலை இறக்கும்போது, அவரவர் பழைய இடத்துக்குப் போங்கள் என்றேன். ஒருவனும் அசையவில்லை. தம்பி ஆட்கள் உடைமரத்தடியில், கொழுந்தன் ஆட்கள் கோயில் பக்கம். இங்கிருந்து போனால் இடத்தை விட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். அவன் முதலில் போகட்டும் என்றான் இவன். இவன் முதலில் போகட்டும் என்றான் அவன். பேசிப் பார்த்தேன். சாமியார் பேசிப் பார்த்தார். ரோட்டுப் பாலம் வந்தது. தம்பி பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். கொழுந்தனுக்குக் கண் மங்கிவிட்டது, கயிற்றைத் தடவிப் பிடிக்கிறான். வடக்குத் தெரு தெற்கே நிற்கிறது, தெற்குத் தெரு வடக்கே நிற்கிறது. நிற்கட்டும். மடி நேராக வருகிறது.